துப்பாக்கி எண்ணெய்

கம்பத்தில் எங்கள் தெருவில் ‘மிலிட்டரி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் தங்கப்பாண்டியன் மாமா ஒருவர்தான். நிஜமாகவே எல்லையில் பனியில் நின்றுவிட்டு வந்த ஆட்கள் நாலைந்து பேர் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். இது என்ன நியாயம் என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் இருக்கிற எல்லா விஷயத்துக்கும் வாயைத் திறக்கிற எனக்குக்கூட இது தோன்றவில்லை.

மாமாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. சித்திரை வெயிலிலும் பேண்ட்தான். அதற்குள் முழங்கால் வரை ஏறுகிற பச்சை சாக்ஸ். வேட்டியிலோ கைலியிலோ அவரை யாரும் பார்த்ததில்லை, அவர் மனைவிகூட. தன் துணியைத் தானே துவைப்பார், மனைவியைத் தொட விடமாட்டார். தெருப் பெண்கள் புருஷனைத் திட்டும்போது அவரைத்தான் இழுப்பார்கள். “மிலிட்டரியப் பாரு, சாக்ஸைக்கூட பொண்டாட்டி கையில குடுக்க மாட்டாரு. ஒழுக்கம்னா அது” என்று சொல்லிச் சொல்லியே என் அம்மா சுல்தான் பீவி என் அத்தாவை ஒரு வழி பண்ணியிருக்கிறார்.

கம்பத்திலிருந்து மெட்டு ரோட்டில் ஏறினால், உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து காட்டுக்குள் பிரியும் பாதையின் முடிவில் ஒரு காலத்தில் ராணுவத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஊருக்கு அது மிலிட்டரி ஆபீஸ். கம்பி வேலி, காவல், மூன்று மொழியில் எச்சரிக்கைப் பலகை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, அதனால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அணுகுண்டு என்றார்கள் சிலர். விஷக்காற்று என்றார்கள் சிலர். மாமா தினமும் விடியலில் பச்சை லாரியில் ஏறிப் போவார், சாயங்காலம் வந்து இறங்குவார். கேட்டால், “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மாப்ள” என்பார். அவ்வளவுதான். நியாயமாகச் சொல்ல வேண்டும், தன்னைப் பட்டாளத்துக்காரன் என்று அவர் வாயால் தெருவில் ஒருநாளும் சொன்னதில்லை. ஊர் சொன்னது. அவர் மறுக்கவில்லை.

நிலையத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதன்பிறகு மாமா ஒரு திராட்சைக் கிடங்கில் காவல் வேலை பார்த்தார். பென்ஷன் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், “பேப்பர் டெல்லியில நிக்குது” என்பார். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குக் கரண்டு கேட்டு எழுதிப் போட்டவன் மகனுக்குக் கல்யாணம் முடிந்த பிறகும் காத்துக்கொண்டிருக்கிறான். பேப்பர் நிற்கிறது என்றால் நம்பாமல் என்ன செய்வோம். நாட்டுக்கு உழைத்த மனுஷனுக்கு இந்த கதியா என்று மரியாதை இன்னும் கூடியது. ஜீப்பில் டிரைவர் பக்கத்து சீட் அவருக்கு. பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடி ஏற்றுபவர் அவர். நானும் அந்த மைதானத்தில் அவருக்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான் மிட்டாய் வாங்கித் தின்றேன்.

அவர் மனைவி முத்துலட்சுமி அத்தை. நாங்கள் ராவுத்தர் வீடு. ஆனாலும் எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன், மாப்பிள்ளை, அத்தைதான். அத்தை ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனவர். விடியும் முன்பே பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் கம்பத்திலிருந்து கேரள எல்லைக்கு ஏறும். அத்தை ஜீப்பில் ஒற்றைக் கால் வைக்க இடம் பிடித்துத் தொங்குவார். அதே இடத்தில், அதே நேரத்தில் மாமா லாரியில் ஏறுவார். ஒரே மலைக்கு இரண்டு வண்டி.

மழைக்காலத்தில் தோட்டம் முழுக்க அட்டை. செடி அடியில், சருகில், நடக்கிற பாதையில், எங்கும் அதுதான். பெண்கள் புகையிலைத் தூளையும் சோப்பையும் காலில் தேய்த்துக்கொண்டு போவார்கள், ஒரு மழையில் கரைந்துவிடும். கடித்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது. அரிக்கும். சொறிந்தால் புண். அத்தைக்கு இடது காலில் அப்படி ஒரு புண் ஆறாமல் அழுகி, காய்ச்சல் கண்டு, காலைக் காப்பாற்றியதே பெரும்பாடாகிப் போயிற்று. அதோடு தோட்டத்து வேலை நின்றது. இப்போது சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலில் இன்னொரு புண் வந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவைத்திருக்கிறார். தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் சலீம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமையானால் கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் புகுந்து வீடியோ எடுத்துப் போடுவேன். பாழடைந்த மில், மூடிப்போன சினிமாக் கொட்டகை, ஆளில்லாத பங்களா என்று தேனி மாவட்டத்தில் நான் நுழையாத இடம் குறைவு. இதில் ஒரு பைசா பிரயோஜனமில்லை என்று என் மனைவி சாதியா சொல்வாள். சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொன்னது சரியாக இருந்தால் இன்னும் வரும்.

இந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்கு மாமாவைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுத்து மேடையில் போட்டுக் காட்டலாம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மிலிட்டரி ஆபீஸுக்குள் அவரையே கூட்டிக்கொண்டு போய் எடுத்தால் எப்படி இருக்கும். நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

“வேணாம் மாப்ள. அங்கன ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாததத்தான் மாமா நான் எடுப்பேன்.”

“ரூலு இருக்கு. உள்ள போகக் கூடாது.”

“ரூலு போட்டவுகளே போயிட்டாக. கதவே இல்லையாம், ஜன்னலையும் பேத்துட்டுப் போயிட்டாகளாம்.”

முட்டி வலி என்றார். காட்டுப் பன்றி என்றார். நான் விடவில்லை. அடுப்படியிலிருந்து அத்தை வந்தார். “கல்யாணமான நாள்லருந்து கேக்குறேன் மருமகனே, அந்த ஆபீஸ ஒருக்காக் கண்ணுல காட்டுங்கன்னு. வாசல்ல நின்னு பாக்கக்கூட விடல. நானும் வாரேன்.”

மாமா முகத்தில் ஈயாடவில்லை. “ஒனக்குக் காலு சரியில்ல. மழ காலம். அட்ட கெடக்கும்.”

“அட்டைய எனக்குச் சொல்லித் தாரீகளாக்கும்” என்று அத்தை சிரித்தார்.

அந்த ஒரு விஷயத்தில் மாமா சொன்னது சத்தியம். சாக்கு சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மலையடிவாரத்தில் நல்ல வெயில், மேலேயும் காய்ந்துதான் கிடக்கும், வாசல் வரை ஜீப் போகும் என்று அடித்துப் பேசி அத்தையையும் கிளப்பிவிட்டேன். ஒரு வீடியோவுக்காக அந்தக் காலை மலைக்கு ஏற்றினேன்.

ஒச்சாண்டி அண்ணன் ஜீப்பில் போனோம். தோட்டத்துப் பெண்களை ஏற்றி இறக்குகிற வண்டி அது. ஞாயிற்றுக்கிழமையும் பாதித் தோட்டங்களில் வேலை உண்டு. வழக்கம்போல மாமாவுக்கு முன் சீட். அண்ணன் எங்களை வளைவிலேயே இறக்கிவிட்டு, சாயங்காலம் பெண்களைக் கூட்டி வரும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மேலே போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேகம் வழிந்து இறங்கித் தூற ஆரம்பித்தது.

கட்டடத்தைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். அணுகுண்டு செய்கிற இடம் மாதிரி இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி இருந்தது. ஓடு சரிந்த நீளக் கட்டடம், சுவரெல்லாம் பாசி, ஜன்னல் வழியாக மிளகுக் கொடி உள்ளே புகுந்திருந்தது. பலகையில் ‘அனுமதியின்றி’ என்ற சொல் மட்டும் மிச்சம். உள்ளே பெரிய கூடம். கூடத்தின் நீளத்துக்கு வெள்ளை ஓடு பதித்த ஒரு தொட்டி, முழங்கால் ஆழம். தொட்டியை ஒட்டி மர பெஞ்சு. பெஞ்சுக்கு முன்னால் தொட்டியின் மேல் ஒரு நீளப் பலகை, அதில் வரிசையாக இரண்டிரண்டாக அரைவட்டமாக வெட்டியிருந்தது. நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வீடியோக் குரலில் அளக்க ஆரம்பித்தேன். “மக்களே, இதுதான் அந்த ரகசியக் கூடம். இந்தத் தொட்டியில என்ன ரசாயனம் இருந்துச்சுன்னு நமக்குச் சொல்லப் போறவர் நம்ம ஊரு வீரர் தங்கப்பாண்டியன்.” போனை அவர் பக்கம் திருப்பினேன்.

மாமா சுவரைப் பார்த்தபடி நின்றார். “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மாப்ள.”

“சும்மா சொல்லுங்க மாமா. இன்னும் எவன் வந்து புடிக்கப் போறான்.”

அதற்குள் நின்று கால் வலித்துப்போன அத்தை அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு காலையும் அந்த வெட்டுகளுக்குள் விட்டார். சரியாகப் பொருந்தியது. “இந்தாருங்க, காலு வைக்கத் தோதா வெட்டி வச்சிருக்காக” என்று சிரித்தார்.

“அங்கன உக்காராத. எந்திரி” என்றார் மாமா. அவர் அத்தையை அதட்டி நான் பார்த்ததில்லை. அத்தையும் பார்த்ததில்லை போலிருக்கிறது, திகைத்துப் போய் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் என் கணுக்காலில் ஏதோ குளுகுளுவென்றது. குனிந்து பார்த்தால் ஷூ ஓரத்தில் இரண்டு அட்டை, சாக்ஸுக்குள் ஒன்று. தரையைப் பார்த்தேன். ஈரச் சருகிலிருந்து நூல் நூலாக எழுந்து நின்று எங்கள் பக்கம் வளைந்துகொண்டிருந்தன. நான் கத்திய கத்தலில் வௌவால்கள் கலைந்தன. அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். “ஆத்தாடி, இதுக்கா இந்த ஆட்டம்” என்று மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, எச்சில் தொட்டுக் குழைத்து என் இரண்டு காலிலும் அப்பிவிட்டார். பொட்டலம் என்னோடு தீர்ந்தது. தன் காலில் காலையில் தேய்த்திருந்தது தூறலில் எப்போதோ கரைந்திருந்தது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாமாதான் பார்த்தார். அத்தையின் இடது காலில், ஆறிக் கறுத்துச் சுருங்கிய பழைய புண்ணுக்கு நடுவிலேயே ஓர் அட்டை தலையை ஊன்றியிருந்தது. மரத்துப்போன இடம், அத்தைக்குத் தெரியவில்லை. நான் பிடுங்கக் கை நீட்டினேன். “தொடாத. பிச்சா வாயி உள்ள நிக்கும், சீழ் புடிக்கும்” என்றார் மாமா.

“சரி, தீக்குச்சி இருக்கா?”

“அந்தத் தோல்ல தீயா வைக்கப் போற?”

மாமா அத்தையின் காலையும் கூடத்தின் மூலையில் இருந்த பரணையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டு போனதை நான் பார்த்தேன், போனும் பார்த்தது. பிறகு முட்டி வலிக்காரர் உடைந்த மேசை மேல் ஏறினார். பரணில் கையை விட்டுத் துழாவி, தூசி படிந்த கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்தார். சிவப்பு மூடி. பல்லால் கடித்துத் திறந்தார். அத்தை காலடியில் மண்டி போட்டு அட்டையின் மேல் ஊற்றினார். அது சுருண்டு பொத்தென்று விழுந்தது. மீதியை முழங்கால் வரைக்கும் உள்ளங்கையால் தடவிவிட்டார். தரையில் எழுந்து நின்ற மற்றவையெல்லாம் அத்தை இருந்த பக்கத்தை விட்டு விலகின.

எலுமிச்சைப் புல்லும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை கூடம் முழுக்கப் பரவியது. அத்தை மூக்கை உறிஞ்சினார். குனிந்து தன் காலை மோந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இது ஒங்க துப்பாக்கி எண்ணெயில்ல?”

மாமா மண்டி போட்டபடியே இருந்தார்.

“ஒங்க சட்டையில தெனமும் இந்த வாடைதான வரும். கேட்டப்ப துப்பாக்கிக்குப் போடுற எண்ணெய்ன்னு சொன்னீக.”

“துப்பாக்கி எதுவும் இல்ல முத்து” என்றார் மாமா. “இங்கன துப்பாக்கியே கெடையாது.”

அப்புறம் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காட்டில் ரோந்து போகிற சிப்பாய்களை அட்டை கடிக்கிறது. அதற்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் இந்த இடம். மேலேயிருந்து ஈரச்சாக்கில் அட்டைகளைப் பிடித்து வந்து தொட்டியில் விடுவார்கள். தினக்கூலிக்கு எடுத்த ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து காலை உள்ளே விட வேண்டும். வலது காலுக்கு எண்ணெய், இடது காலுக்கு ஒன்றும் கிடையாது. எதில் எவ்வளவு கடிக்கிறது என்று நிலையத்து டாக்டர் ஐயா பார்ப்பார். அதுதான் வேலை. பெண் பார்க்கப் போனபோது தரகர் மிலிட்டரியில் வேலை என்று சொல்லிவிட்டார். அத்தையின் அப்பா பூரித்துப் போய் உடனே தட்டை மாற்றிக்கொண்டார். அந்த இடத்தில், இல்லை, நான் அட்டைக்குக் கால் கொடுக்கிறவன் என்று இவருக்குச் சொல்ல வரவில்லை.

“சாக்ஸை நீங்களே தொவைச்சது…” என்றார் அத்தை.

“ரத்தம் இருக்கும்.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. இப்படி ஒன்று இனி கிடைக்காது என்றும் என் புத்தியில் ஒரு மூலை கணக்குப் போட்டது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். “அத நிறுத்து மருமகனே” என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறுத்தினேன்.

“அட்டைக்குக் காலு குடுத்தீக. நானுந்தான் குடுத்தேன்” என்றார் அத்தை. “இதுல ஒங்களுக்கு என்ன கேவலம்? ஒங்களுக்காச்சும் உக்கார பெஞ்சு இருந்துச்சு.”

மாமா அழுதார். அத்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது எப்பத்துலருந்து இருக்கு?”

“நீ படுக்கையில விழுகுறதுக்கு முந்தியே.”

“இது ஒண்ணுதானா?”

“மேல ஒரு பெட்டி இருக்கு. மூடுறப்ப டாக்டர் ஐயா குடுத்தாக. ஒங்க ஊருப் பொம்பளைக தோட்டத்துக்குப் போறாகளே, கொண்டுபோய்க் குடுன்னாக.”

“என் காலு புண்ணாயிக் கெடந்தப்ப நீங்கதான கழுவி மருந்து போட்டீக. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பாத்தீக. அப்ப இது ஞாவகத்துக்கு வரலையா?”

“வந்துச்சு.”

“பெறகு?”

“கொண்டாந்தா, இது ஏதுன்னு கேப்ப.”

மழை விட்டதும் அத்தை, “அந்தப் பெட்டியத் தூக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

மாமா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வாங்கப் போனேன், அத்தை கையைக் காட்டித் தடுத்துவிட்டார். ரோட்டுக்கு வந்தபோது ஒச்சாண்டி அண்ணன் ஜீப் இறங்கி வந்தது. பின்னால் முழுக்கத் தோட்டத்துப் பெண்கள், ஈரச் சேலையோடு. முன் சீட்டில் இருந்த பெண்ணை ஒச்சாண்டி அண்ணன் இறக்கினார். “மிலிட்டரி, வாங்க, ஏறுங்க.”

மாமா கேட்காதவர் போலப் பின்னால் போய், பெண்களுக்கு நடுவில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தார். அத்தை அவருக்கு எதிரே. நான் படியில் தொங்கினேன்.

“என்ன மாமா பெட்டி?” என்று கேட்டாள் தேவயானி. எங்கள் தெருப் பெண்தான், கல்யாணமாகி இந்த வருஷம்தான் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தவள். அவள் கணுக்காலில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

மாமா பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தை அவரைப் பார்த்தார்.

“அட்டைக்கு மருந்து. மிலிட்டரி மருந்து” என்றார் அத்தை. “ஒங்களுக்குன்னு கேட்டு வாங்கியாந்திருக்காக.”

பாட்டில்கள் கைமாறின. ஒருத்தி அங்கேயே மூடியைத் திறந்து தடவிப் பார்த்தாள். “நீங்க நல்லா இருக்கணும் மாமா” என்றார்கள். “மிலிட்டரி மிலிட்டரிதான்” என்றார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மாமா குறுகிக்கொண்டே போனார். தேவயானி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அத்தையிடம் சொன்னாள். “இது அப்பவே கெடைச்சிருந்தா ஒங்க காலு இப்பிடி ஆயிருக்காதுல்ல அத்த.”

“அப்ப இது ஏதுடி” என்றார் அத்தை. “இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காக.”

சொல்லிவிட்டு வெளியே பள்ளத்தாக்கைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

“இருந்துச்சு தாயி” என்றார் மாமா.

வளைவில் வண்டி இரைந்தது. “என்ன மாமா? கேக்கல” என்றாள் தேவயானி.

அவர் இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. “அப்பவே இருந்துச்சு. நாந்தான் கொண்டாரல.”

குனிந்து சாக்ஸைக் கழற்றினார். பேண்டை முழங்கால் வரை சுருட்டினார். இடது கால் முழுக்கக் கறுப்புத் தழும்பு, கை வைக்க இடமில்லை. வலது காலில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் பெண்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வலது காலைத்தான் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அத்தையின் காலைப் பார்த்தார்கள். வாங்கிய பாட்டில்களை ஒவ்வொருத்தியாகப் பெட்டியில் திருப்பி வைத்தார்கள். தேவயானி மட்டும் பாட்டிலைத் திருப்பி வைக்காமல் மடியில் செருகிக்கொண்டாள். அவள் மறுநாளும் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் போன் மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்த வீடியோவை அன்றைக்கே அழித்தேன். அழித்ததைப் பெரிய நல்ல காரியமாகச் சாதியாவிடம் சொன்னேன், எடுத்தது யார் என்று கேட்டாள். ஆகஸ்ட் பதினைந்துக்கு மாமா வரவில்லை. வேறு ஒருவர் கொடி ஏற்றினார். தெருவில் இப்போது அவரை யாரும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் பக்கத்தில் போய்ப் பேசுகிறார்கள்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தார். அவருடையதும் அத்தையுடையதுமாக ஒரு குவியல். அத்தை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலில் புதுப்புண் எதுவும் வரவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான்.

“இன்னும் கோவமா அத்த?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கோவமெல்லாம் இல்ல மருமகனே” என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. “வேல முடிஞ்சு வந்தா சட்டைய ஆணியில மாட்டுவாக. விடியக்காலம் நான் ஜீப்பு ஏறப் போறதுக்கு முன்னால, அந்தச் சட்டைய ஒருக்கா மோந்து பாத்துட்டுத்தான் போவேன். நம்ம புருசன் நாட்டுக்காக ஒழைக்கிறாரு, நாம இந்த அட்டைக்கா அழுகுறதுன்னு நெனச்சுக்கிட்டு ஏறுவேன். தெனமும்.”

கொல்லையில் துணி அடிக்கிற சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.